வெள்ளை றோட்டும் வெலோ அண்ணையும்

மேட்டைக் கண்டால் சந்தோஷப்படுகிற ஒரே வடமாகாணத்து மனிதர் வெலோ அண்ணைதான். இதை நான் எந்தக் கோயில் வாசலிலும் நின்று சொல்லத் தயார். நாங்கள் தட்டையான நிலத்தில் பிறந்தவர்கள். சின்ன வயதில் நான் சைக்கிளில் ஏறிய ஆகப் பெரிய உயரம், வாய்க்காலுக்கு மேலே போட்ட ஒரு மதகு. அதற்கே இறங்கி உருட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்த ஒருவர், ஏற்றம் ஒன்றைக் கண்டதும் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி முகம் மலர்ந்து, ஹெல்மெற்றைச் சரிசெய்துகொண்டு, "அங்கை பாரும் தம்பி, என்ன வடிவு" என்று சொன்னால் அவரை என்ன செய்வது?

அவருடைய ஞானஸ்நானப் பெயர் மன்னாரில் ஏதோ ஒரு கோயில் பதிவில் இருக்கும். லண்டனில் எங்கள் மோர்டனிலும் கோலியர்ஸ் வுட்டிலும் அது ஒருவருக்கும் தெரியாது. பல வருடம் பிரான்ஸில் இருந்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்க வேண்டும் என்று லண்டனுக்கு இடம் மாறிய ஆட்களில் அவரும் ஒருவர். மற்றவர்கள் வரும்போது கடை போடக் காசு கொண்டுவந்தார்கள். இவர் மூன்று சைக்கிள் கொண்டுவந்தார். ஆனால் சைக்கிள் என்ற சொல்லை அவர் வாய் தவறியும் சொன்னதில்லை. பிரெஞ்சுக்காரர் சொல்வது மாதிரி வெலோ என்றுதான் சொல்வார். அதனால் அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை வெலோ அண்ணை என்றே கூப்பிட்டார்கள்.

தொழில், குளியலறைகளுக்கு ரைல்ஸ் பதிப்பது. அவருடைய வான் வண்டிக்குள் சைக்கிள்கள் ஒரு பழைய மெத்தையில் சுகமாகப் படுத்திருக்கும். வாடிக்கையாளரின் ரைல்ஸ் பெட்டிகள் முன் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிறேக் அடித்து ஏதாவது உடைந்தால் "பா கிராவ்" என்பார். பிரெஞ்சில் அது 'பெரிய விஷயமில்லை' என்று அர்த்தமாம். ரைல்ஸ் உடைந்தாலும் பா கிராவ், ரயர் வெடித்தாலும் பா கிராவ், மூத்த மகள் வெள்ளைக்காரப் பொடியனைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்றபோதும் பா கிராவ். அந்தப் பொடியனுக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமா என்று மட்டும் கேட்டாராம்.

நான் லண்டனில் சிவப்பு பஸ் ஓட்டுகிறவன். சைக்கிள்காரர்களைப் பற்றி ஒரு பஸ் ட்ரைவரிடம் அபிப்பிராயம் கேட்பதும், மருமகளைப் பற்றி மாமியிடம் கேட்பதும் ஒன்று. ஒருநாள் காலை கோலியர்ஸ் வுட் பக்கம், ரயில் பாதைக்கு மேலே போகிற சின்னப் பாலம் ஒன்றில் எனக்கு முன்னால் ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். போய்க்கொண்டிருந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் அந்தப் பாலத்தை ருசித்துக்கொண்டிருந்தார். பின்னால் என் பஸ். பஸ்ஸுக்குள் வேலைக்குப் பிந்திக்கொண்டிருக்கிற ஒரு கூட்டம். ஹோர்ன் அடித்தேன். அவர் திரும்பிப் பார்த்து, நான் ஏதோ பாராட்டியதைப் போல நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். அடுத்த பஸ் தரிப்பில் சைக்கிளை நிறுத்திவிட்டு, திறந்திருந்த கதவுக்குள் தலையை நீட்டி என் முகத்தையும் பிறகு காலையும் பார்த்தார்.

"தமிழோ?" என்றார். ஓம் என்றேன். "நல்ல கால் தம்பி உமக்கு. பிறேக் அமத்தியே வீணாக்கிறீர்" என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ்ஸில் இருந்தவர்கள் நான் யாரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்று நினைத்துத் திருப்திப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு அவரைக் கோயிலில் கண்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேத்தண்ணியும் பற்றிசும் கொடுப்பார்கள். அந்த மேசையில் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு வெலோ அண்ணை ஒரு றோட்டுப் படத்தை விரிப்பார். பிரான்ஸின் நடுப்பகுதியில், பாரிஸுக்குத் தெற்கே, மொர்வான் என்று காடும் மலையுமாக ஓர் இடம். அவர் பிரான்ஸில் வாழ்ந்தது அதன் ஓரத்தில் இருந்த ஒரு சிற்றூரில், ரெஸ்ரோரன்ற் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டு. அந்த ஊரில் தமிழர் என்று எண்ணினால் இவர் ஒருவர்தான். பஸ்ஸும் இல்லை. இருந்த அறைக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு மலை. அப்போதுதான் யாரோ எறிந்த சைக்கிள் ஒன்றை எடுத்துத் திருத்தி ஓடத் தொடங்கினாராம். பற்றிசைக் கடித்துக்கொண்டிருக்கிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டு தன் வேதத்தைச் சொல்வார்.

"சிவப்புக் கோட்டிலை லொறி போகும். மஞ்சள் கோட்டிலை கார் போகும். உந்த வெள்ளைக் கோட்டிலை ஒண்டும் போகாது. அதுதான் எங்கடை றோட்டு."

இப்படி அவரிடம் அகப்பட்டு மொர்வானுக்குப் போய் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கணக்காளர். திரும்பி வந்த பிறகு அவர் வெலோ அண்ணை வருகிற பூசைக்கு வருவதில்லை. பின்னேரப் பூசைக்கு மாறிவிட்டார். அண்ணை ஒவ்வொரு ஏற்றத்திலும் "இதுதான் கடைசி மேடு" என்று சொல்லுவாராம். எத்தனையாவது கடைசி மேட்டிலோ மழை பிடித்தபோது, கணக்காளர் றோட்டோரத்துக் கற்சிலுவையின் அடியில் உட்கார்ந்து, மோர்டனில் இருக்கிற மனைவிக்குப் போன் எடுத்து, ராக்ஸி பிடித்து அனுப்பும்படி கேட்டிருக்கிறார். மற்றவர் ரோல்ஸ் கடைக்காரர். அவர் சைக்கிளின் பின்பையில் இரண்டு பெட்டி மட்டன் ரோல்ஸ் கட்டிக்கொண்டு போனார். அந்தக் காட்டில் பண்ணைக்கு ஒரு நாய். வாசம் பிடித்து ஒரு பண்ணை நாய் அடுத்த பண்ணை வரைக்கும் துரத்தும், அங்கே அடுத்தது பொறுப்பெடுக்கும். கடைசி ரோல்ஸையும் எறிந்து தப்பினார் மனிதர். பிரெஞ்சு நாய்களுக்கு உறைப்புப் பிரச்சினையே இல்லை என்பது அவர் கண்டுபிடித்த உண்மை.

என்னையும் கேட்டார், பல தடவை. நான் பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு ஒரு வடிவத்துக்கு வந்துவிட்ட ஆள். விடுமுறை கிடைத்தால் படுக்கிறவன். ஏலாது அண்ணை என்று சொல்லிச் சொல்லியே சில வருடங்களைக் கடத்தினேன்.

பிறகு என் மனைவி ஜெசிந்தாவுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது.

அந்த ஒரு வருடத்தைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். ஒப்பரேசன், கீமோ, ரேடியேசன் என்று போனது. அதிகாலை ஷிப்ட் முடித்து வந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி முடித்துக் கஞ்சி, கஞ்சி முடித்து உடுப்புத் தோய்ப்பு, திரும்ப ஷிப்ட். சமைத்துக் கொண்டுவந்து தந்த சனத்துக்குக் குறைவில்லை. நண்டுக் குழம்பும் கொண்டுவந்தார்கள், நண்டு சாப்பிடக் கூடாது என்ற புத்திமதியும் கொண்டுவந்தார்கள். களைப்பு என்றால் படுத்தெழும்பினால் போகிற சாமான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இது படுத்தால் கூடவே படுத்து, எழும்பினால் கூடவே எழும்பியது. அந்த வருடம் முழுவதும் நான் ஒருக்காலும் அழவில்லை. நல்ல திடமான மனுசன் என்று கோயிலில் எல்லாரும் சொன்னார்கள். ஜெசிந்தா மட்டும் அதைச் சொல்லவில்லை. சோபாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் அவளைப் பார்ப்பேன். இரண்டு பேரும் மற்றவர் முகத்தில் பயம் தெரிகிறதா என்று தேடிக்கொண்டே ரீவி பார்த்தோம்.

வெலோ அண்ணை சாப்பாடு கொண்டுவரவில்லை. ஜெசிந்தா ஒருநாள் குளியலறையில் வழுக்கியதைக் கேள்விப்பட்டு வந்தார். வழுக்குகிற ரைல்ஸ் எல்லாவற்றையும் உடைத்தெடுத்துவிட்டு, சொரசொரப்பான ரைல்ஸ் பதித்து, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் பூட்டினார். வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோது தொண்டையைச் செருமினார்.

"தம்பி, ஒண்டு சொல்ல வேணும். கோவிக்கக் கூடாது. மாதாவுக்கு உம்மை நேர்ந்துவிட்டிட்டன்."

எங்கள் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. நேர்த்தி வைக்கிறவர் ஒருவர், அதைச் செய்கிறவர் வேறொருவராக இருக்கலாம். அம்மா நேர்ந்தால் பிள்ளைக்கு மொட்டை. மாமி நேர்ந்தால் மருமகன் முழங்காலில் கோயிலைச் சுற்றுவான். யாரும் சம்மதம் கேட்பதில்லை. ஆனால் ஐம்பத்தைந்து தாண்டிய ஒரு பஸ் ட்ரைவரின் இரண்டு காலையும், அவனைக் கேளாமல், ஒரு மலைக்கு நேர்ந்துவிட்ட மனிதர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். மொர்வான் காட்டுக்குள் ஒரு மாதா கெபி, குகை மாதிரிக் கல்லில் கட்டிய சின்னக் கோயில், இருக்கிறதாம். ஜெசிந்தாவுக்குச் சுகம் வந்தால் நான் வெள்ளை றோட்டால் மலைகளைத் தாண்டிச் சைக்கிளில் போய் அங்கே மெழுகுதிரி கொளுத்துவேன் என்று மாதாவிடம் சொல்லிவிட்டாராம்.

நான் சத்தம் போட்டேன். உங்களுக்கு விசரோ என்று கேட்டேன். வைத்தியம் முடிந்திருக்கிறது, ஆனால் கடைசி ஸ்கானின் மறுமொழி இன்னும் வரவில்லை, சுகம் வந்ததா இல்லையா என்றே தெரியாமல் என்ன நேர்த்தி என்று கேட்டேன். அவர் அசையவில்லை. ரைல்ஸ் வேலைக்கு அட்வான்ஸ் கொடுத்தால்தான் ஆள் கெதியாக வருவான், மாதாவும் அப்படித்தான் என்று விளக்கம் சொன்னார். நான் நியாயம் கேட்பதற்காக ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினேன்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்காக நான் காணாத சிரிப்பு. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இஞ்சருங்கோ, நேர்ந்தால் நேர்ந்ததுதான். மாதாவோடை விளையாட ஏலாது. போயிட்டு வாங்கோ" என்றாள். அப்டன் பார்க்கில் இருக்கிற தங்கை வந்து நிற்பாள் என்றும் சொன்னாள். எல்லாம் முன்கூட்டியே ஒழுங்கு செய்தது மாதிரி இருந்தது. நான் இருந்த களைப்பில் எனக்கு அது உறைக்கவில்லை.

மறுமொழி அந்தக் கிழமையில் எந்த நாளும் வரலாம், வந்தால் நேர்ஸ் போன் பண்ணுவார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதே கிழமையில்தான் அண்ணை வானைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். சைக்கிள் ஓடுவதற்கென்று பின்பக்கத்தில் பஞ்சு வைத்த கறுப்பு அரைக்காற்சட்டை ஒன்றும் தந்தார். அதைப் போட்டுக்கொண்டு நான் படியால் இறங்கியபோது ஜெசிந்தா தையல் போட்ட இடத்தைக் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கப் பண்ணாதேங்கோ, நோகுது என்றாள். நான் ஒன்றும் பண்ணவில்லை, நின்றேன், அவ்வளவுதான்.

மொர்வான் பச்சையாக இருந்தது. இதற்கு மேல் அந்த இடத்தை வர்ணிக்கச் சொன்னால், முதல் நாள் நான் கண்டது என் சைக்கிளின் முன்சில்லை மட்டும்தான். றோட்டு ஒரு வான் போகிற அகலம். இரண்டு பக்கமும் பீச் மரமும் ஊசியிலை மரமும் மூடிக்கொண்டு நின்றன. வெட்டி அடுக்கிய மரக்குற்றிகளிலிருந்து பிசின் மணம். இறங்கினால் ஓர் ஓடை, ஓடைக்கு மேலே சின்னக் கற்பாலம், பாலம் தாண்டியதும் ஏற்றம். ஏறினால் யன்னல் எல்லாம் சாத்திய பத்து வீட்டு ஊர், ஒரு கோயில், பூட்டிய பேக்கரி. திரும்பவும் இறக்கம். வேலிக்கு அங்கால் பெரிய வெள்ளை மாடுகள், நிற்காமல் போகிற பஸ்ஸைத் தரிப்பில் நிற்கிறவர்கள் பார்ப்பது மாதிரி எங்களைப் பார்த்தன. அண்ணை ஒவ்வொரு மாட்டுக்கும் பொன்ஜூர் சொன்னார். கடைசி மேடு, கடைசி மேடு என்று எனக்கும் சொல்லிக்கொண்டே முன்னால் போய் வளைவில் மறைந்துவிடுவார். நான் என் வயதையும், அவருடைய வம்சத்தையும், சைக்கிளைக் கண்டுபிடித்தவனையும் திட்டிக்கொண்டே மிதித்தேன்.

மாலையில் தங்கிய வீட்டு வாசலில் அவர் என் சைக்கிளைக் கழுவக் குனிந்தவர், சங்கிலியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். முழு நாளும் இதிலேயா ஓடினீர் என்று கேட்டார். நாங்கள் பழகிய சைக்கிளில் கியர் கிடையாது. என் பஸ்ஸும் ஓட்டோமெற்றிக். கைப்பிடியில் இருந்த அந்தச் சின்ன நெம்புகோல்களைப் பிறேக்குக்குச் சொந்தபந்தம் என்று நினைத்து நான் தொடாமல் விட்டிருந்தேன். இறக்கத்தில் போடுகிற ஆகப் பாரமான கியரில் அத்தனை மலையும் ஏறியிருக்கிறேன். அண்ணை என்னைத் திட்டவில்லை. என் காலை உற்றுப் பார்த்து, கண் கலங்கி, "நான் அண்டைக்கே சொன்னனான்" என்றார். இரவுச் சாப்பாட்டின்போது தங்கிய வீட்டுக்காரியின் உருளைக்கிழங்குக்கு மேலே தன் போத்தல் சம்பலைப் போட்டு அந்தச் செய்தியை அவளுக்கும் பிரெஞ்சில் அறிவித்தார். அவள் எழும்பி வந்து மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் என் கை அடிக்கடி சட்டைப் பைக்குள் போய்க்கொண்டிருந்தது. வெள்ளை றோட்டின் பெருமைகளைச் சொன்ன அண்ணை ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. ஒன்றும் போகாத அந்த றோட்டில் போன் சிக்னலும் போகாது. பள்ளத்தில் இறங்கினால் போன் செத்துவிடும். மேட்டின் உச்சிக்கு வந்தால் ஒரு கோடு, சில இடத்தில் இரண்டு கோடு காட்டும். அப்போது நிறுத்தி ஜெசிந்தாவுக்குப் போன் எடுப்பேன். இன்னும் வரேல்லை, நீங்கள் கவனமாப் போங்கோ என்பாள். அவ்வளவுதான். அடுத்த பள்ளத்தில் திரும்பவும் இருட்டு.

இரண்டாம் நாள் நான் மாறிவிட்டேன். இறக்கத்தைக் கண்டால் எப்போது முடியும் என்று பார்த்தேன். மேடு எங்கே, மேடு எங்கே என்று கண் தேடியது. இப்போது கியரும் தெரியும். ஒரு கட்டத்தில் ஏற்றத்தில் அண்ணையையே முந்திக்கொண்டு போனேன். மனிதர் பின்னாலிருந்து பெருமைப்பட்டுக்கொண்டு வந்தார். எனக்கு மேட்டில் பக்தி பிறந்துவிட்டது என்று நினைத்தாராம். நான் ஓடியது அந்த ஒரு கோட்டுக்காக.

மத்தியானத்துக்கு முன்னால், நீண்ட ஓர் இறக்கத்தில் வேகமாக இறங்கிவிட்டோம். அடியில் ஓடைக்குப் பக்கத்தில் தண்ணீர் குடிக்க நின்றபோதுதான் போனைப் பார்த்தேன். மேலே எங்கேயோ ஒரு நிமிடம் சிக்னல் பிடித்திருக்கிறது. ஜெசிந்தா போன் எடுத்திருக்கிறாள், காற்றின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஒரு குரல் செய்தி வந்து கிடந்தது. காதில் வைத்தேன்.

"இஞ்சருங்கோ, நேர்ஸ் எடுத்தவ. மறுமொழி வந்திட்டுதாம்..."

அதோடு அறுந்திருந்தது, மிச்சம் வருவதற்குள் சிக்னல் போயிருக்க வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்தக் குரலில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஜெசிந்தா லொத்தர் சீட்டு விழுந்தாலும் பால் முடிந்தாலும் ஒரே குரலில் சொல்லுகிறவள். போனைத் தலைக்கு மேலே தூக்கினேன், பாலத்தின் சுவரில் ஏறி நின்றேன். ஒரு கோடும் இல்லை. அண்ணையிடம் கொடுத்தேன். அவரும் கேட்டார். இப்போது பா கிராவ் என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. போனைத் திருப்பித் தந்துவிட்டு றோட்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார்.

"பின்னாலை போனாலும் மேடு, முன்னாலை போனாலும் மேடு" என்றார். "முன்னாலை போவம் தம்பி."

அந்த ஏற்றம் காட்டுக்குள்ளால் வளைந்து வளைந்து போனது. நான் மிதித்தேன். ஜெசிந்தா இல்லாத வீட்டை அதுவரை நான் மனதை ஒரு தடவையும் நினைக்க விட்டதில்லை. அந்த மேட்டில் அது தானாக வந்தது. அவளுடைய கம்பளி மடித்து வைத்திருக்கிறது, சோபா சும்மா கிடக்கிறது. பாதிவழியில் சைக்கிள் நிற்கப் பார்த்தது. அப்போது என் முதுகில் ஒரு கை வந்து பதிந்தது.

ஊரில் கூட்டாளி களைத்துவிட்டால் நாங்கள் அப்படித்தான் செய்வோம். பக்கத்தில் ஓடிக்கொண்டு, ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்து, மற்றக் கையால் அவன் முதுகைத் தள்ளுவோம். தட்டை றோட்டில் அது பெரிய காரியமில்லை. மலையில் அதைச் செய்கிறவர் தன்னுடைய பாரத்தோடு என் பாரத்தையும் சேர்த்து ஏற்ற வேண்டும். முழங்காலில் நின்றே ரைல்ஸ் பதித்து, முழங்கால் இரண்டும் கழன்றுபோன மனிதர் அவர். எந்த மேட்டிலும் ஒருவருக்காகவும் காத்து நிற்காதவர். அன்றைக்கு இது கடைசி மேடு என்றுகூடச் சொல்லாமல், உச்சி வரைக்கும் கையை எடுக்காமல் வந்தார்.

மேலே காடு விலகி வானம் தெரிந்தது. சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டுப் போன் எடுத்தேன். முதல் மணியிலேயே ஜெசிந்தா பேசினாள்.

"ஒண்டும் இல்லையாம்" என்றாள். "எல்லாம் கிளியராம். அங்கை மழையோ? சாப்பிட்டீங்களோ?"

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அவளும் தங்கையும் ஏதோ சிரித்துப் பேசுவது கேட்டது. பிறகு போன் அறுந்தது. நான் புல்லில் உட்கார்ந்தேன். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் உடம்புக்குள் ஒன்றும் அசையவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, ஒன்றும் பழுதில்லாத தன்னுடைய சங்கிலியைக் குனிந்து திருத்தத் தொடங்கினார். மெழுகுதிரியை இன்றைக்கே கொளுத்திவிடுவோம், மாதா கெபி இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"கெபி ஒண்டும் இல்லைத் தம்பி" என்றார், சங்கிலியைப் பார்த்துக்கொண்டு. "நேர்த்தியும் இல்லை. நானும் உம்மடை மனுசியும் சேர்ந்து சொன்ன பொய். மாதாவின்ரை பேரிலை பொய் சொன்னதுக்கு ஃபாதரிட்டைப் பாவசங்கீர்த்தனமும் செய்திட்டுத்தான் வந்தனான்."

எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"நீர் ஒரு வருசமா அழேல்லை எண்டு அவ பயந்துபோனா. மறுமொழி வாற நேரம் இந்த மனுசனை எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணை, நான் அவரின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு போனை எடுக்க ஏலாது எண்டவ. நான் யோசிச்சன். பிழையான மறுமொழி வந்தால் இவர் சத்தம் வைச்சு அழ வேணும். மோர்டனிலை அதுக்கு எங்கை இடம்? வீட்டிலை சுவருக்கு அங்காலை ஆக்கள். கோயிலுக்குப் போனால் தேத்தண்ணியோடை வந்திடுவினம்."

கையில் பட்ட கிறீஸைப் புல்லில் துடைத்தார்.

"அம்மா செத்த செய்தி எனக்கு இஞ்சை வைச்சுத்தான் வந்தது. விசா இல்லை, போக ஏலாது. ரெஸ்ரோரன்ற்றிலை அழ ஏலாது, பிளேற் குவிஞ்சு கிடக்கும். வெலோவை எடுத்துக்கொண்டு இந்த மேட்டுக்குத்தான் வந்தனான். நல்லா அழுதன். ஒருதரும் ஏனெண்டு கேக்கேல்லை. அதுதான் தம்பி, எனக்குத் தெரிஞ்ச நல்ல இடம் இதுதான். இப்ப நல்ல மறுமொழிதானே, இனித் தேவையில்லை. வாரும், போவம்."

அவர் எழும்பிவிட்டார். எனக்கு எழும்ப முடியவில்லை. முதலில் இருமல் என்றுதான் நினைத்தேன். பிறகு அது வந்தது. ஒரு வருடமாக ஷிப்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்ததெல்லாம் சேர்ந்துவர, பஞ்சு வைத்த அரைக்காற்சட்டையோடு புல்லில் கிடந்து, எனக்கே அடையாளம் தெரியாத ஒரு குரலில் அழுதேன். நல்ல செய்திக்கு இப்படி அழுகிற மனிதனை வெள்ளை மாடுகள் வேலி வரைக்கும் வந்து பார்த்தன.

அண்ணை என்னைத் தேற்ற வரவில்லை. நடந்து வளைவுக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு றோட்டின் நடுவில் நின்றார். அன்றைக்கு அந்த றோட்டில் வந்த ஒரே கார் அப்போதுதான் வந்து சேர்ந்தது. தடதடக்கிற பழைய கார், உள்ளே தொப்பி போட்ட ஒரு பண்ணைக் கமக்காரன். அண்ணை கையைத் தூக்கி மறித்தார். யன்னலில் குனிந்து பிரெஞ்சில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அந்த மனிதன் எஞ்சினை நிறுத்தினான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவசரமாகப் போக வேண்டிய ஒருவனைக் காரணமில்லாமல் மறிப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று ஒரு பஸ் ட்ரைவருக்குத் தெரியும். ஆனாலும் நான் அழுகையைக் கெதிப்படுத்தவில்லை.

நான் அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, சரி என்று கையைக் காட்டிய பிறகுதான் அண்ணை ஒதுங்கி அந்தக் காருக்கு வழி விட்டார். அவரை அரைவிசர் என்று நான் சொல்லலாம், எனக்கு அந்த உரிமை இருக்கிறது. வேறு யாரும் என் காதில் விழ அப்படிச் சொல்லக்கூடாது.